லெக்சிங்டன் அம்மாவும் என் விளம்பரப் பதிவேடும்

பொங்கல் லீவுக்கு வந்த பேத்தி ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். சென்னையில் இதழியல் படிக்கிறாள். "தாத்தா, புலிட்சர் பரிசு வாங்கின பொம்பளைங்களப் பத்தி எழுதணும். இதுல யாரை எடுக்கலாம்னு நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றாள். ரிட்டயர் ஆன குமாஸ்தா என்றால் வீட்டில் எல்லாருக்கும் குமாஸ்தாதான். சரி என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

என் ஆங்கிலத்தைப் பற்றிப் பழைய ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் தித்தே என்று ஒன்று உண்டு. மெசியே வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். இருபது மதிப்பெண்ணுக்கு ஒவ்வொரு பிழைக்கும் நாலு போகும். ஐந்து பிழை விட்டால் சைபர். அந்தப் பயத்தில் வளர்ந்த எனக்கு, வேலையில் சேர்ந்ததும் எல்லா ஃபைலும் ஆங்கிலத்தில் என்றார்கள். அகராதியை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டுதான் முதல் இரண்டு வருஷத்தை ஓட்டினேன். இன்றைக்கும் ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால் எனக்கு முதலில் அதன் பிரெஞ்சு உறவுக்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார். சில சமயம் தப்பான உறவுக்காரர் வந்து நிற்பார்.

இப்போதும் அப்படித்தான் ஆயிற்று. கட்டில் ஒரு பெண்மணியின் பெயர் ஹேசல் பிரானன் ஸ்மித். அவர் பத்திரிகையின் பெயர் 'லெக்சிங்டன் அட்வர்டைசர்'. பிரெஞ்சில் 'அவெர்த்திர்' என்றால் எச்சரிப்பது, 'அவெர்த்திசேர்' என்றால் எச்சரிக்கை மணி. கார் ஹாரனுக்கும் அந்தப் பேர் உண்டு. "ஆஹா, எச்சரிக்கிறவர் என்று எவ்வளவு பொருத்தமான பேர்" என்றேன். பேத்தி சிரித்தாள். "தாத்தா, அட்வர்டைசர்னா விளம்பரம் பண்றவன். அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஆனால் படிக்கப் படிக்க, இரண்டு அர்த்தத்தையும் அந்த அம்மாள் அனுபவித்திருக்கிறார் என்று தெரிந்தது. மற்றவர்களைப் படிக்காமல் தாள்களைக் கட்டி வைத்துவிட்டேன். இரண்டு நாள் இவரைத்தான் படித்தேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹேசல் 1914-ல் அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். பள்ளியை முடித்தபோது வயது பதினாறு. கல்லூரிக்குப் போக வயது போதாது என்று வீட்டில் நிறுத்திவைக்க, உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். செய்தி எழுதுவதோடு கடை கடையாகப் போய் விளம்பரம் பிடிக்கும் வேலையும். பிறகு அலபாமா பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்து 1935-ல் பட்டம் வாங்கினார். மறு வருஷமே பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில், டியூரண்ட் என்ற சின்ன ஊரில், தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையை மூவாயிரம் டாலர் கடன் வாங்கி விலைக்கு எடுத்தார். பேர் 'டியூரண்ட் நியூஸ்'. வயது இருபத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை, அந்த ஊரில் உறவு என்று ஒருவரும் இல்லை. நம் வீட்டில் இருபத்திரண்டு வயசுப் பெண்ணைப் பெரிய மார்க்கெட்டுக்குத் தனியாக அனுப்பவே அப்போதெல்லாம் யோசிப்பார்கள்.

கடனை அடைத்தார். 1943-ல் அந்த மாவட்டத்துக்கே தலைநகரான லெக்சிங்டன் ஊரின் 'அட்வர்டைசர்' பத்திரிகையையும் வாங்கினார். ஹோம்ஸ் மாவட்டம் என்று பெயர். பருத்தி விளையும் பூமி. மக்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவர், நிலமும் ஓட்டும் கோர்ட்டும் வெள்ளையர் கையில். இந்த இடத்தில் நம் ஹேசல் என்ன செய்தார் என்றால், நன்றாகச் சம்பாதித்தார். திறந்த கூரை காடிலாக் கார், பெரிய பெரிய தொப்பிகள். படத்தைப் பார்த்தேன். சினிமா நடிகை மாதிரி இருக்கிறார். ஆண்களோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து அரசியல் பேசுவார். கப்பல் பயணத்தில் சந்தித்த கப்பல் அதிகாரி வால்டர் ஸ்மித்தை 1950-ல் மணந்துகொண்டார். ஊரில் அவருக்கு 'ஸ்மிட்டி' என்று பெயர்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஹேசல் பிறவிப் புரட்சிக்காரி இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே வாழ்வதுதான் முறை என்று நம்பியவர், எழுதியவர். 1948 தேர்தலில் இனப் பிரிவினையைக் காப்பாற்றக் கிளம்பிய தெற்கத்திக் கட்சியின் பக்கம் நின்றவர். பேத்திக்கு இது பிடிக்கவில்லை. "அப்புறம் ஏன் தாத்தா இவங்கள எடுக்கணும்?" என்றாள். அதனால்தான் எடுக்க வேண்டும் என்றேன். எல்லாம் தெரிந்து பிறந்தவர்களைப் பற்றி எழுதி என்ன பிரயோஜனம்?

அவரிடம் இருந்தது ஒரே ஒரு பிடிவாதம். சட்டம் என்று ஒன்று எழுதி வைத்திருந்தால் அது எல்லாருக்கும் பொருந்த வேண்டும். மிசிசிப்பியில் அப்போது மதுவிலக்கு. 1966 வரைக்கும் சட்டத்தை எடுக்கவில்லை. அமெரிக்காவில் கடைசியாக மதுவிலக்கை விட்ட மாநிலம் அதுதான். ஆனால் கள்ளச் சாராயம் தாராளமாக ஓடியது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் முக்குக்கு முக்கு பார்த்து வளர்ந்த நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். சட்டத்தைக் காக்க வேண்டிய ஷெரீப் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று ஹேசல் வாராவாரம் எழுதினார். ஷெரீப் என்பவர் அங்கே மாவட்ட போலீஸ் தலைவர், ஆனால் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுபவர். அதனால் பகை இரட்டிப்பு.

1946-ல் ஒரு கறுப்பினக் கூலி விவசாயியைச் சேணம் திருடினான் என்று சந்தேகப்பட்டுச் சவுக்கால் அடித்தே கொன்றார்கள். வழக்கில் வெள்ளையர்கள் விடுதலையானார்கள். வழக்கு நடக்கும்போது செத்தவரின் மனைவியிடம் பேசினார் என்பதற்காக நீதிபதி ஹேசல் மீது கோர்ட் அவமதிப்பு என்று அபராதமும், நிறுத்திவைத்த பதினைந்து நாள் சிறைத் தண்டனையும் விதித்தார். மேல் கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. ஒரு விதவையிடம் இரண்டு வார்த்தை பேசியது குற்றம்!

இனி 1954. நமக்கு அது எப்பேர்ப்பட்ட வருஷம். அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று கொடி மாறியது. என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாராம். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்தேன் என்று அம்மா சொல்வார்.

அதே வருஷம் மே மாதம், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெற்கே கொதித்தது. ஜூலை மாதம் இண்டியனோலா என்ற ஊரில் வெள்ளையர்கள் கூடி 'குடிமக்கள் சபை' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முகமூடி கிடையாது. பேங்க்காரர், வக்கீல், பருத்தி வியாபாரி, கடைக்காரர். கத்தி, துப்பாக்கியைவிட இவர்கள் ஆயுதம் மோசமானது. கடன் கொடுக்காதே, வேலை கொடுக்காதே, சரக்கு வாங்காதே.

அந்த ஜூலையிலேயே, ஒரு சனிக்கிழமை இரவு, ஹோம்ஸ் மாவட்ட ஷெரீப் ரிச்சர்ட் பைர்ட் ரோட்டோரம் நின்ற கறுப்பின இளைஞர்கள் சிலரிடம் ஏன் சத்தம் போடுகிறீர்கள் என்று கேட்டார். ஒருவரை அடித்தார். ஓடு என்றார். அவர் ஓடும்போது சுட்டார். குண்டு தொடையில் பாய்ந்தது. ஹென்றி ராண்டில் என்பது அவர் பெயர். ஹேசல் அவசரப்படவில்லை. பார்த்தவர்களை விசாரித்தார். பிறகு செய்தியைப் போட்டார். அடுத்த வாரம் முதல் பக்கத்தில், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், இந்த ஷெரீப் பதவியை விட்டுப் போக வேண்டும் என்று எழுதினார்.

ஷெரீப் 57,500 டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். உள்ளூர் ஜூரி பத்தாயிரம் டாலர் கொடுக்கச் சொன்னது. ஜூரி எல்லாரும் வெள்ளைக்கார ஆண்கள். மிசிசிப்பியில் பெண்கள் ஜூரியில் உட்காரவே 1968 வரை அனுமதி இல்லை. ஹேசல் மேல்முறையீடு செய்தார். 1955-ல் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மிசிசிப்பி நீதிபதிகளே செய்தார்கள் என்பதை அடிக்கோடிட்டு வைத்தேன்.

வழக்கில் ஜெயித்தார். வாழ்க்கையில் அன்றிலிருந்துதான் தோற்கத் தொடங்கினார்.

கணவர் ஸ்மிட்டி உள்ளூர் ஆஸ்பத்திரியில் நிர்வாகி. நல்ல பெயர் எடுத்தவர். 1956 ஜனவரியில் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த டாக்டர்களே அவர் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும் கேட்கவில்லை. அவர் செய்த தப்பு, அந்தப் பெண்ணுக்குப் புருஷனாக இருந்தது. ஒரு குமாஸ்தா இதை எப்படிப் படிப்பான் தெரியுமா? அந்த வேலை நீக்கக் கடிதத்தை யார் டைப் அடித்திருப்பார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மூன்று நகல், ஒன்று ஃபைலுக்கு. டைப் அடித்தவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

பிறகு விளம்பரங்கள் நின்றன. கடைக்காரர்களில் பலர் அவரோடு பல வருஷம் பழகியவர்கள். பகையோ, பயமோ, விளம்பரம் வரவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு எதிராகவே அதே ஊரில் 'ஹோம்ஸ் கவுண்டி ஹெரால்ட்' என்று புதுப் பத்திரிகை தொடங்கினார்கள். அங்கெல்லாம் ஏல அறிவிப்பு, சொத்து அறிவிப்பு, கோர்ட் அறிவிப்பு எல்லாம் உள்ளூர்ப் பத்திரிகையில் காசு கொடுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். சின்னப் பத்திரிகைக்கு அதுதான் கஞ்சி. பிரான்சிலும் அப்படித்தான், 'அனோன்ஸ் லெகால்' என்பார்கள். ஊரில் இரண்டாவது பத்திரிகை ஒன்று இருந்துவிட்டால் முதல் பத்திரிகையின் கஞ்சிக்கு உத்தரவாதம் இல்லை.

இந்த இடத்தில் நான் தாளைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

எண்பதுகளில் நான் ஓர் அலுவலகத்தில் விளம்பர சீட்டில் இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். டெண்டர், ஏலம், பரீட்சை, நீர்த்தொட்டி சுத்தம் செய்வது என்று அரசு அறிவிப்புகளைப் பத்திரிகைகளுக்குப் பிரித்து அனுப்புவது என் வேலை. நீளமான பச்சை அட்டைப் பதிவேடு ஒன்று உண்டு. இடது பக்கம் பத்திரிகைகளின் பெயர், வலது பக்கம் தேதிவாரியாகக் கட்டங்கள். சுழற்சி முறையில் யாருக்கு எப்போது என்று நான்தான் டிக் போடுவேன். அச்சானதும் பத்திரிகைக்காரர் வவுச்சர் காப்பியோடு பில் கொடுப்பார். சரிபார்த்து அனுப்புவதும் நான்தான்.

அந்தப் பட்டியலில் ஒரு வாரப் பத்திரிகை. நாலு பக்கம். ஒருவரே ஆசிரியர், ஒருவரே நிருபர், கம்போஸ் செய்வதும் அவரே. வீட்டின் முன்னறையில் ஒரு டிரெடில் மிஷின். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திங்கட்கிழமை தவறாமல் சைக்கிளில் வருவார். விரல் நகத்தில் மசி. "முசே, நம்மளுக்கு ஏதாவது இருக்குதா?" என்பார். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் என்னை மட்டும் முசே. மற்றவர்களை சார்.

ஒரு வாரம் அவர் ஒரு ரோடு வேலையைப் பற்றி எழுதினார். எத்தனை லோடு ஜல்லி என்று பில்லில் இருக்கிறது, எத்தனை லோடு உண்மையில் இறங்கியது என்று தெருக்காரர்களை எண்ணச் சொல்லி எழுதியிருந்தார். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. கணக்கு மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்து மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "அந்த வாரப் பேப்பரக் கொஞ்ச நாளைக்கு விட்டுடுங்க" என்றார். நான் நோட் போடட்டுமா சார் என்றேன். "நோட்டெல்லாம் எதுக்குப்பா? சும்மா விட்டுடு. சுழற்சிதானே, தள்ளிப் போவும்." நீங்க என்பது நடுவில் நீ ஆனதைக் கவனித்தேன். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள், பதவி உயர்வுப் பட்டியல் வரவேண்டிய வருஷம்.

விட்டுவிட்டேன். டிக் போடாமல் இருப்பதற்கு என்ன கஷ்டம்? கட்டம் காலியாக இருந்தால் யார் கேட்பார்? அதோடு நிற்கவில்லை. நிலுவையில் இருந்த அவருடைய பில் இரண்டையும், வவுச்சர் காப்பி மூன்று வைக்கவில்லை என்று ஆட்சேபம் எழுதித் திருப்பினேன். அதை யாரும் சொல்லவில்லை. நானே செய்தேன். மேலே உள்ளவர் சந்தோஷப்படுவார் என்று ஊகித்துச் செய்வதற்கு எங்கள் உத்தியோகத்தில் ஒரு பெயரும் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அவர் ஏழெட்டு மாதம் திங்கட்கிழமை வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. ஒருநாள் என் மேஜைப் பக்கத்தில் நின்று, "முசே, ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. நீங்க எழுதறவர்தானே" என்றார். நானும் எழுதுகிறவன், அவரும் எழுதுகிறவர். அவர் அதை நினைத்துச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வருஷம் பத்திரிகை நின்றது. டிரெடிலைக் கடலூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போனார் என்று கேள்வி. அவருக்குப் பிறகு வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் வேலை. எனக்குப் பதவி உயர்வு வந்தது. இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

நம் ஊருக்கு இது புதிதா என்றால் இல்லை. பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை 1908-ல் இங்கே வந்தது. பிரெஞ்சுக்காரன் அதை மூடவில்லை. 1881-ஆம் வருஷப் பத்திரிகைச் சட்டம் அவனிடம் இருந்தது, அது தாராளமான சட்டம். பிரிட்டிஷ்காரன் என்ன செய்தான்? தன் எல்லைக்குள் அந்தப் பத்திரிகை வரக் கூடாது என்றான். சந்தாதாரர்கள் எல்லாம் அந்தப் பக்கம். 1910-ல் பத்திரிகை நின்றது. அச்சகத்தில் பூட்டுத் தொங்கவில்லை, எழுத்தைக் கைதும் செய்யவில்லை. எங்கள் தமிழாசிரியர் இதைச் சொல்லும்போது நாங்கள் பல்லைக் கடிப்போம். பின்னாளில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

ஹேசலுக்கு வருகிறேன். அவர் நிறுத்தவில்லை. அதுதான் ஆச்சரியம். சொத்தை அடமானம் வைத்தார். ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்து வந்த காசைப் பத்திரிகையில் போட்டார். வெளியூர்ப் பத்திரிகை ஆசிரியர்கள் சிலர் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். ஹோம்ஸ் மாவட்டத்துக் கறுப்பின ஏழைகளும் ஐந்தும் பத்துமாகச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முன்னொரு காலத்தில் இவர்கள் தனியே இருப்பதுதான் நல்லது என்று எழுதிய கை அதை வாங்கியபோது என்ன நினைத்திருக்கும்? 1960-ல் அவர் வீட்டு முன்னால் சிலுவையைக் கொளுத்தினார்கள். அங்கே அது கொலை மிரட்டலுக்குச் சமம். கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய 'மிசிசிப்பி ஃப்ரீ பிரஸ்' பத்திரிகையைத் தன் அச்சகத்தில் அச்சடித்துக் கொடுத்தார். அச்சு வேலை, கூலிக்குச் செய்தேன் என்றார். உண்மைதான். ஆனால் அந்த மாநிலத்தில் வேறு யாரும் சுலபமாக முன்வர மாட்டார்கள்.

1963-ல் ஹார்ட்மன் டர்ன்போ என்ற கறுப்பின விவசாயி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார். அடுத்த மாதம் அவர் வீட்டில் தீக்குண்டு வீசினார்கள். போலீஸ் யாரைப் பிடித்தது தெரியுமா? அவரையே. தன் வீட்டைத் தானே கொளுத்தினாராம். ஹேசல் இதைக் கண்டித்து எழுதினார். அந்த வருஷத் தலையங்கங்களுக்காக 1964-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. தலையங்கத்துக்கு அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். அதே வருஷம் ஜாக்சன் நகரில் அவர் நடத்திய இன்னொரு பத்திரிகையின் அலுவலகத்தில் குண்டு வைத்தார்கள். பரிசு வந்த வருஷம் விளம்பரம் திரும்பி வந்ததா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

கடைசிக் காலம் பரிதாபம். எழுபதுகளில் கறுப்பினத் தலைவர்கள் சிலருடனும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தை அவர் ஆதரிக்கவில்லை. புறக்கணிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் விளம்பரத்தை நிறுத்தி ஒருத்தியை ஒடுக்குவதும், ஒடுக்கப்பட்டவர்கள் கடைக்குப் போகாமல் இருப்பதும் ஒன்றா? அதில் அவர் தவறு என்றுதான் எனக்குப் படுகிறது. கணவர் இறந்தார். 1985-ல் பத்திரிகை நின்றது. திவாலாகி, ஆசையாகக் கட்டிய ஹேசல்வுட் என்ற வீடும் கடனுக்குப் போயிற்று. ஞாபகமறதி நோய் வந்து, பிறந்த மாநிலத்துக்கே திரும்பி, கடைசியில் டென்னசியில் 1994 மே மாதம் காலமானார். அதற்கு முந்தின மாதம்தான் அவர் கதையை ஒரு டிவி படமாகக் காட்டினார்கள். நான் பார்க்கவில்லை. அவரை எதிர்க்கத் தொடங்கிய 'ஹெரால்ட்' அவர் பத்திரிகைக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது.

பேத்தியிடம் இவரையே எழுது என்று சொன்னேன். சொன்ன கையோடு பச்சைப் பதிவேட்டுக் கதையையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டுக்காரிக்கே நான் முழுசாகச் சொன்னதில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள், "ஏங்க, அந்தச் சைக்கிள்காரரா? நம்ம பெரியவ கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சுக் குடுத்தாரே, காசு கொறைச்சு வாங்கிக்கிட்டாரே, அவரா?" என்றாள். ஆமாம், அவர்தான். அதை நான் மறந்தே போயிருந்தேன். மறந்தேன் என்றும் சொல்ல முடியாது.

பேத்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பேப்பர் பேரு என்ன தாத்தா?" என்றாள். சொன்னேன். இங்கே எழுதவில்லை, அவர் குடும்பம் இந்த ஊரில்தான் இருக்கிறது. போனை எடுத்துத் தமிழில் தட்டிப் பார்த்தாள், ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தாள். ஹேசல் அம்மாள் பெயரைப் போட்டபோது பக்கம் பக்கமாக வந்தது.

இதற்கு ஒன்றும் வரவில்லை. "எழுத்துப் பிழையா இருக்குமோ?" என்று என்னைக் கேட்டாள். பார்த்தேன். பிழை இல்லை.